விதி மாறின் மெய்ப்பாடும் மாறும்: ‘கால் ஆஃப் கத்துலு’ மேசை விளையாட்டின் மறுவிதியாக்கங்களும் தமிழ்க்களமும்

ஆய்வுச்சுருக்கம்

அச்சத்தை மையமாகக் கொண்ட வேடமேற்பு மேசை விளையாட்டு ஒன்றை வேறொரு விதியமைப்புக்கு மாற்றும்போது, கதையும் களமும் அதில் வரும் உயிர்களும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. எனினும் ஆடுவோர் அடையும் மெய்ப்பாடு வேறாகிவிடுகிறது. 1981இல் வெளிவந்த ‘கால் ஆஃப் கத்துலு’ என்னும் விளையாட்டையும், அதன் பொருளை வேறு விதிகளில் யாத்த 2002, 2008ஆம் ஆண்டு ஆக்கங்களையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மரபியல் கருத்துகளின் துணையுடன் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழர் அறிந்த பரமபத ஆட்டம் விதி மாறியபோது எய்திய மாற்றம் இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. இவ்வகை விளையாட்டைக் கீரப்பாளையம் போன்ற ஒரு தமிழ்க்களத்தில் அமைக்க முற்படுவோர் ஊர்ப்பெயர்களை மாற்றுவதற்கு முன் இழப்பைப் பற்றிய விதியை ஆராய வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வேடமேற்பு விளையாட்டு, விதியமைப்பு, அச்சம், மெய்ப்பாடு, வழிநூல், பரமபதம், கீரப்பாளையம்.

1. முன்னுரை

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அமெரிக்காவில் வெளிவந்தது. வேடமேற்பு மேசை விளையாட்டு என்னும் வகை அதிலிருந்து வளர்ந்தது. ஒரு மேசையைச் சுற்றி நால்வர் அல்லது ஐவர் அமர்வர். ஒருவர் நடத்துநர், ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் சூழலை விவரிப்பார். பாத்திரத்தை ஏற்றவர் தாம் செய்வதைச் சொல்வார். செயலின் பயன் ஐயத்துக்குரியதாகும் இடத்தில் பகடை உருட்டப்படும். எப்போது உருட்டுவது, எந்த எண் வந்தால் என்ன நிகழும், பாத்திரம் எதை இழக்கும், இழந்ததை எவ்வாறு மீட்கும் என்பனவற்றை வரையறுக்கும் முழுத் தொகுதியே விதியமைப்பு எனப்படுகிறது.

இவ்வகையில் எழுதப்பட்ட பனுவலுக்கும் நிகழ்த்துதலுக்கும் உள்ள உறவு, தெருக்கூத்தை அறிந்த தமிழ் ஆய்வாளருக்குப் புதிதன்று. கூத்துப் பனுவல் நிகழ்வின் எலும்புக்கூடு மட்டுமே. இரவு முழுவதும் நிகழும் ஆட்டத்தில்தான் அது உடல் பெறுகிறது. வேடமேற்பு விளையாட்டிலும் நூலில் உள்ளது கதையின் வாய்ப்பு மட்டுமே. கூத்தின் போக்கை அடவும் இசையும் மரபும் கட்டுப்படுத்துவதுபோல, இங்கே போக்கைக் கட்டுப்படுத்துவது விதியமைப்பு.

ஆகவே, ஒரு விதியமைப்பில் எழுதப்பட்ட அச்ச விளையாட்டை மற்றொன்றுக்கு மாற்றுவது, ஒரு கதையை வேறு தாளுக்குப் படியெடுப்பது போன்றதன்று. மாற்றுவோர் பொதுவாக எதைக் காப்பாற்றுகின்றனர், எதை அறியாமல் இழக்கின்றனர் என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருள்.

2. ஆய்வு அடிப்படை: வழிநூலும் மெய்ப்பாடும்

தொல்காப்பிய மரபியல் முதல்நூலின்வழி வரும் வழிநூலை நான்காகப் பகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். நான்காவதில் உள்ள ‘அதர்ப்பட’ என்னும் சொல் ஈண்டு முதன்மை பெறுகிறது. அதர் என்பது வழி, நெறி. பெயர்க்கப்பட்ட பொருள் புகும் மொழியின் நெறிக்கு ஏற்ப யாக்கப்படுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். விதியமைப்பையும் ஒரு மொழியாகக் கொண்டால், மறுவிதியாக்கம் இந்நான்காம் வகையில் அடங்கும்.

எது நெறிப்பட யாக்கப்பட்டது என்பதை அளக்க மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியம், ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கையும் சுட்டுகிறது. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. சுவைக்கப்படும் பொருள், அதை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்து நிகழும் குறிப்பு, உடலில் தோன்றும் வேறுபாடு என உரையாசிரியர் பேராசிரியர் படிநிலைகளைப் பகுத்துக் காட்டுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

விளையாட்டில் வரும் கொடிய உயிர் சுவைக்கப்படும் பொருளாகும். அதைக் கண்ட பாத்திரத்துக்கு என்ன நேரும் என்று சொல்லும் விதி, குறிப்பு நிகழும் படிநிலையில் செயற்படுகிறது. பொருளை மட்டும் பெயர்த்து விதியை விட்டுவிடும் மாற்றம் முதற்படியைக் காத்து மூன்றாம் படியை இழக்கிறது. வேங்கையை அஞ்சி ஓடுபவனுக்கும் அதனை எதிர்த்து நிற்பவனுக்கும் பொருள் ஒன்றே. ஒருவனிடம் தோன்றுவது அச்சம், மற்றவனிடம் தோன்றுவது தறுகண்வழிப் பெருமிதம்.

3. முன்மாதிரி: பரமபதத்திலிருந்து பாம்பும் ஏணியும்

விதி மாறும்போது அச்சம் அகன்றுபோன நிகழ்வு ஒன்றைத் தமிழ் வாசகர் நன்கறிவர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்படும் பரமபத சோபனத்தில் ஏணிகள் நற்செயல்களையும் பாம்புகள் தீவினைகளையும் குறிக்கின்றன. கட்டங்கள் பெயர் தாங்கியவை; மேலே பரமபதம். பாம்பின் வாயில் விழுபவர் இன்ன தீவினையால் விழுந்தார் என்பது ஆட்டப்பலகையிலேயே எழுதப்பட்டுள்ளது.

1890களில் இங்கிலாந்தில் ‘ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ என்று இந்திய ஆட்டம் பரவியபோது தொடக்ககாலப் பலகைகளில் நன்மை தீமைப் படங்கள் இருந்தன; பின்னர் அவை மங்கின. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட வடிவத்தில் பாம்புகளே நீங்கிச் சறுக்குமரங்கள் வந்தன. இம்மாற்றத்தை உருவங்களின் மாற்றமாக மட்டும் காண்பது பொதுவழக்கு. விதிநிலையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அது குறைவாகவே பேசப்பட்டுள்ளது.

தமிழகத்தில் இவ்வாட்டத்துக்குத் தாயக்கட்டை பயன்படுவதுண்டு. ஒவ்வொரு கட்டையின் நான்கு பக்கங்களும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என அமையும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. இரு கட்டைகளும் விழக்கூடிய முறைகள் 16. இவற்றுள் தாயம் எனப்படும் 1 விழ 2 முறைகளும், 2 விழ 3 முறைகளும், 3 விழ 4 முறைகளும், 4 விழ 3 முறைகளும், 5 விழ 2 முறைகளும், 6க்கும் 12க்கும் தலா 1 முறையும் உண்டு. தாயம் விழுந்தாலன்றிக் காயை இறக்கலாகாது என்னும் வழக்குள்ள இல்லங்களில், களத்தில் நுழையும் வாய்ப்பு எட்டில் ஒன்று. சராசரியாக 8 வீச்சுகள் காத்திருக்க வேண்டும். 1, 5, 6, 12 ஆகியவற்றுக்கு மறுவீச்சு உண்டு என்பதால் ஒரு வீச்சு மற்றொன்றாகத் தொடரும் வாய்ப்பு எட்டில் மூன்று. இதனையும் கணக்கில் கொண்டால், ஒருவர் ஒரு முறைக்குச் சராசரியாக 6 கட்டங்கள் நகர்வார்.

ஆறுமுகப் பகடை ஒன்றை மறுவீச்சு இன்றி உருட்டும் ஆட்டத்தில் இச்சராசரி 3.5 மட்டுமே. எல்லா எண்களுக்கும் வாய்ப்பு சமம். காத்திருத்தல் குறைகிறது, ஒரே முறையில் ஏறி, மீண்டும் வீசி, பாம்பில் விழும் தொடர்நிகழ்வு மறைகிறது. கிடைப்பதற்கு அரிய பிறப்பு, பிறந்தபின் வினை வினையைத் தொடர்தல் ஆகிய கருத்துகளைப் பலகை பெயர்களால் சொன்னது. கட்டை அவற்றை நிகழ்தகவால் சொன்னது. பெயர்களை மீண்டும் எழுதிவிட்டாலும் ஆறுமுகப் பகடையைக் கொண்டு அவ்வாட்டத்தை முழுமையாக மீட்க இயலாது. இது வேடமேற்பு விளையாட்டுக்கும் பொருந்தும்.

4. முதல்நூலாகிய வழிநூல்: 1981

எச். பி. லவ்கிராஃப்ட் எழுதிய ‘தி கால் ஆஃப் கத்துலு’ என்னும் கதை 1928இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளிவந்தது. மனிதனைப் பொருட்படுத்தாத பேரண்டத்தில், மனிதனுக்கு முற்பட்ட பேருயிர்கள் உறங்குகின்றன என்னும் கற்பனை அவர் கதைகளின் அடிப்படை. அதனை விளையாட்டாக்கியவர் சாண்டி பீட்டர்சன், வெளியிட்டது கேயாசியம் நிறுவனம், ஆண்டு 1981. இவ்விளையாட்டும் ஒரு வழிநூலே. 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் வீரயுக விளையாட்டிலிருந்து பிரிந்த ‘பேசிக் ரோல்பிளேயிங்’ விதியமைப்பே இதன் அடித்தளம். வாளேந்திய வீரருக்கான விதிகள் நூலகம் செல்லும் பேராசிரியருக்கும் செய்தியாளருக்கும் பெயர்க்கப்பட்டன.

இப்பெயர்ப்பு வெற்றி பெற்றதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, உடல்வலிமை வளராமை. தொடக்கப் பதிப்புகளில் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகள் அதன் உடலுறுதி, உடற்பருமன் ஆகியவற்றின் சராசரி. பொதுவாக 12 அளவில் நிற்கும். ஆண்டுக்கணக்கில் ஆடினாலும் இது உயராது. ஒரு குண்டு சராசரியாக 5.5 புள்ளிகளை அழிக்குமாயின் மூன்று குண்டுகள் போதும்.

இரண்டாவது, மனத்தெளிவு என்னும் கணக்கு. இது பாத்திரத்தின் ஆற்றல் எண்ணை ஐந்தால் பெருக்கிப் பெறப்படுவது. சராசரி ஏறத்தாழ 50. கொடிய காட்சியைக் காணும்போதெல்லாம் நூறு எண் பகடையால் சோதனை நிகழும். தோற்றால் பெரிதாகவும் வென்றால் சிறிதாகவும் தெளிவு குறையும். மேலும், மறைபொருள் பற்றிய அறிவு வளர வளர மனத்தெளிவின் உச்சவரம்பு 99இலிருந்து அதே அளவு தாழ்கிறது. அறிந்ததை அறியாமற்செய்ய வழியில்லை.

மூன்றாவது, இவ்விதிகளுள் நுட்பமானது. ஒரே நேரத்தில் 5 புள்ளிகள் அல்லது அதற்கு மேல் இழந்த பாத்திரத்துக்கு அறிவுச் சோதனை ஒன்று வைக்கப்படும். அதில் தோற்றவர் தாம் கண்டது இன்னதென்று உணராமல் தப்பிவிடுகிறார். வென்றவரே தற்காலிகப் பித்துக்கு ஆளாகிறார். பகடையின் வெற்றி பாத்திரத்தின் வீழ்ச்சியாகிறது. தொல்காப்பியர் பெருமிதத்தின் நிலைக்களனாக வைத்த கல்வி, இங்கே கேட்டின் வாயிலாகிறது.

லவ்கிராஃப்டின் பேருயிர்கள் அணங்கு என்னும் நிலைக்களனைச் சார்ந்தவை போலத் தோன்றினும், அவற்றின் ஆற்றல் பெருமை, புதுமை ஆகிய மருட்கை நிலைக்களன்களிலிருந்து பெரிதும் பிறக்கிறது. மருட்கையில் தொடங்கி அச்சத்தில் முடியும் இப்போக்கை 1981ஆம் ஆண்டு விதிகள் எண்களால் நிகழ்த்திக் காட்டின. காண்பதும் கற்பதும் கதையை முன்நகர்த்தும்; அவையே பாத்திரத்தை அழிக்கும். விளையாட்டின் அச்சம் தங்கியிருப்பது இம்முரணிலேயே. விகார உருவங்களின் வருணனை அதற்கு அணி மட்டுமே.

5. பெருமிதமாகிய அச்சம்: 2002

2000இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பு, இருபதுமுகப் பகடையை அடிப்படையாகக் கொண்ட டி20 விதியமைப்பைப் பிற வெளியீட்டாளரும் பயன்படுத்தத் திறந்துவைத்தது. இவ்வமைப்பில் மாண்டி குக், ஜான் டைன்ஸ் ஆகியோர் யாத்த ‘கால் ஆஃப் கத்துலு’ 2002இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியீடாக வந்தது. மனத்தெளிவுக் கணக்கு ஏறத்தாழ அப்படியே பேணப்பட்டது. ஆற்றலுக்குப் பதிலாக மெய்யறிவு எண் ஐந்தால் பெருக்கப்பட்டது. அறிவு வளரும்போது உச்சவரம்பு தாழும் விதியும் இருந்தது. உயிரினங்களின் வருணனையும் நடத்துநருக்கான அறிவுரையும் செறிவானவை. மேலோட்டமாக நோக்கின் இது முதல்நூலைப் போற்றிய ஆக்கமே.

ஆயினும் டி20 அமைப்பின் முதுகெலும்பு படிநிலை உயர்வு. ஆட்டந்தோறும் பாத்திரம் பட்டறிவு பெற்று அடுத்த படிக்கு ஏறும். ஒவ்வொரு படியிலும் உயிர்ப்புள்ளிகளும் தாக்குதல் திறனும் கூடும். படிக்கு ஓர் ஆறுமுகப் பகடை எனக் கொண்டால், 6 புள்ளிகளுடன் தொடங்கும் சராசரிப் பாத்திரம் பத்தாம் படியில் ஏறத்தாழ 37 புள்ளிகளைப் பெற்றிருக்கும். முன்னைய கணக்கின்படியே 5.5 புள்ளி அழிக்கும் குண்டு என்றால் ஏழு குண்டுகள் வேண்டும். ஆடுவோர் தம் ஏட்டில் ஒரு கணக்குத் தாழ்வதையும் மற்றொரு கணக்கு உயர்வதையும் ஒருங்கே காண்கின்றனர்.

ஆக்கியோர் இதனை அறியாதவர் அல்லர். ஒரே அடியில் 10 புள்ளிகளோ அதற்கு மேலோ இழந்தால் உடலுறுதிச் சோதனையில் தோற்பவர் இறப்பார் என்று விதித்தனர்; மூல அமைப்பில் இவ்வரம்பு 50. இவ்வொட்டு விதியே சிக்கலின் சான்று. அமைப்பு இயல்பாக ஓர் உணர்வை நோக்கிச் செல்ல, அதைத் தடுக்கத் தனியாக ஓர் அணை கட்ட வேண்டியிருந்தது. பத்தாம் படியை எட்டிய பாத்திரம் தன் ஏட்டைப் பார்க்கும்போது அதற்குத் தோன்றுவது தறுகண். எதிர்நிற்கும் பேருயிர் வெல்லத்தக்க விலங்காகிறது. மருட்கைவழி அச்சம் விலங்குவழி அச்சமாகச் சுருங்கி, வென்றபின் பெருமிதமாக முடிகிறது.

இதனைக் குறையென்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. பெருமிதச் சுவைக்குரிய நல்ல விளையாட்டாக அது அமைந்தது. முன்பே டி20 ஆடிப் பழகியோர் புதிய விதி கற்காமல் இக்களத்தில் நுழையவும் வழி திறந்தது. எனினும் முதல்நூலின் பெயரைத் தாங்கி, அதன் மெய்ப்பாட்டைத் தருவதாக முன்வரும் வழிநூலை அம்மெய்ப்பாட்டைக் கொண்டே அளக்க வேண்டும். அவ்வளவையில் இது மொழிபெயர்த்தது, அதர்ப்பட யாக்கவில்லை.

6. அழுகையாகிய அச்சம்: 2008

கென்னத் ஹைட் எழுதி 2008இல் பெல்கிரேன் பிரஸ் வெளியிட்ட ‘டிரெயில் ஆஃப் கத்துலு’ எதிர்த்திசையில் சென்றது. ராபின் டி. லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதியமைப்பில் இது அமைந்தது. அவ்வமைப்பு எழுந்ததற்குக் காரணம் 1981 விதிகளில் இருந்த ஒரு தடை. நூலகத்தில் ஒரு குறிப்பைத் தேடும் பயிற்சியற்ற பாத்திரத்துக்கு வெற்றி வாய்ப்பு 25 விழுக்காடு. பகடை தவறினால் குறிப்பு கிடைக்காது, கதை நின்றுவிடும். கம்ஷூவில் உரிய திறன் உடைய பாத்திரம் உரிய இடத்தில் தேடினால் அடிப்படைத் துப்பு பகடையின்றியே கிடைக்கும். பகடை, தப்புதல், மோதுதல் போன்ற செயல்களுக்கு மட்டும்; அதுவும் ஓர் ஆறுமுகப் பகடையும் ஆடுவோர் செலவிடும் புள்ளிகளும்.

இதனால் அச்சத்தின் இருப்பிடம் இடம்பெயர்கிறது. அறியாமல் போய்விடுவோமோ என்னும் கவலை அகல்கிறது. அறிந்தே தீர்வோம் என்னும் உறுதி வருகிறது. அழிவு தரும் அறிவு தடையின்றிக் கிடைக்கும் என்பது இன்னும் கொடியது. இந்நிலையில் ஹைட் செய்த முதன்மையான மாற்றம், ஒற்றை மனத்தெளிவுக் கணக்கை இரண்டாகப் பகுத்தமை. அன்றன்று ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும் மனவுறுதி ஒன்று. மனித வாழ்வுக்குப் பொருளுண்டு என்னும் நம்பிக்கையாகிய மனத்தெளிவு மற்றொன்று. மனவுறுதிக்கு ஊற்றாகத் தாய், நண்பர் போன்ற குறிப்பிட்ட மனிதர்களையும், மனத்தெளிவுக்குத் தூணாகத் தாம் போற்றும் கொள்கைகளையும் ஆடுவோரே முன்கூட்டி எழுதிவைக்கின்றனர். ஊற்றாகிய மனிதர் இறந்தால், தூணாகிய நம்பிக்கை இடிந்தால், அதற்குரிய இழப்பு நேர்கிறது.

இங்கே பேருயிர்கள் முன்பிருந்தவையே. ஆனால் ஆட்டம் முடியும்போது ஆடுவோர் நினைவில் நிற்பது அவற்றின் உருவமன்று. தாமே பெயரிட்டு எழுதிய ஒருவரின் இறப்பு. அழுகையின் நிலைக்களனாகிய இழவு அச்சத்தின் இடத்தைப் பெறுகிறது. எனினும் இவ்வாக்கம் முதல்நூலின் மையமுரணை, அதாவது அறிவே அழிவாதலை, வேறு கருவிகளால் தக்கவைத்தது. எண்களைக் காக்காமல் நெறியைக் காத்த வகையில் இதனை ‘அதர்ப்பட யாத்தல்’ என்று கொள்ளலாம். 2002ஆம் ஆண்டு ஆக்கம் மனத்தெளிவு எண்ணைக் காத்தும் அதன் பயனை இழந்தது. 2008ஆம் ஆண்டு ஆக்கம் எண்ணை உடைத்துப் பயனைக் காத்தது.

நடத்துநர் திறமையுடையவராயின் எவ்விதியிலும் அச்சத்தை எழுப்பலாம் என்பது இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வாதம். அது ஓரளவு உண்மை. விளக்கைத் தணித்து, குரலைத் தாழ்த்தி, தேர்ந்த சொற்களால் அவர் ஆடுவோரை நடுங்கச் செய்யலாம். அந்நடுக்கம் ஒரு மாலைக்கு உரியது. வாரந்தோறும் தொடரும் ஆட்டத்தில் ஏட்டிலுள்ள எண்களே நிலைத்த நினைவு. 2005இல் வெளிவந்த ‘டிரெட்’ என்னும் விளையாட்டு இதனை மறுபக்கத்திலிருந்து நிறுவுகிறது. அதில் பகடையே இல்லை. அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக உருவ வேண்டும். கோபுரத்தைச் சரித்தவரின் பாத்திரம் ஆட்டத்திலிருந்து நீங்கும். கதை எதுவாயினும் ஆடுவோரின் கை நடுங்குகிறது. அங்கே விதியே மெய்ப்பாட்டை உடலில் தோற்றுவிக்கிறது.

7. கீரப்பாளையத்தில் ஒரு சோதனை

இம்முடிவைத் தமிழ்க்களம் ஒன்றில் வைத்து நோக்கலாம். கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்துள்ள கீரப்பாளையம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். நெல்வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நாட்டுப்புறம். ‘கால் ஆஃப் கத்துலு’வை இங்கு அமைக்க விரும்பும் ஒருவர் முதலில் செய்யக்கூடியது களமாற்றம். அமெரிக்கத் துறைமுக நகர் கீரப்பாளையமாகும். அங்குள்ள பல்கலைக்கழகம் அண்ணாமலைநகருக்கு வரும். பழைய கையெழுத்துப்படி ஓலைச்சுவடியாகும். பேருயிர் ஊர் எல்லையில் உறையும் தெய்வமாகும். விதிகள் மாறா.

சிக்கல் உடனே எழுகிறது. ஊரார் தம் தெய்வத்தின்முன் ஒருவர்மீது அருள் வந்து ஆடுவதைக் கண்டால் மாறா விதியின்படி அனைவரும் மனத்தெளிவை இழக்க வேண்டும்; அருள் வந்தவரின் பாத்திரமோ பித்தேறி நடத்துநர் கைக்குச் சென்றுவிட வேண்டும். ஊர்வழக்கில் நிகழ்வது இதன் மறுதலை. அருள் வந்தவர் தம் குரலை இழப்பதில்லை. பிற நாளில் அவருக்கு இல்லாத சொல்லுரிமையைப் பெறுகிறார். சுற்றி நிற்போர் அஞ்சுகின்றனர். அஞ்சிக்கொண்டே அவரிடம் குறி கேட்கின்றனர்.

தமிழ்மரபில் அணங்கு அச்சத்துக்கும் அடைக்கலத்துக்கும் ஒருங்கே உரியது. ஆடற்போட்டியில் தோற்று எல்லைக்குச் சென்றதாகப் புராணம் கூறும் தில்லைக்காளி, சிதம்பரத்தில் அஞ்சவும் வணங்கவும் படுகிறாள். காரைக்கால் அம்மையார் பேயுரு வேண்டிப் பெற்றதைப் பெரியபுராண மரபு வீழ்ச்சியாகக் கொள்ளவில்லை, பேறாகவே போற்றுகிறது. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் திரௌபதி அம்மன் விழாக்களில், மண்ணால் பெரிதாக வனைந்து கிடத்திய துரியோதனன் உருவின்மேல் படுகளம் நிகழும். பாத்திரம் ஏற்றோரும் பார்ப்போரும் அக்களத்தில் அச்சம், அழுகை, வெகுளி மூன்றையும் அடுத்தடுத்து அடைவர். அதன்பின் தீமிதி வரும். மனிதனைப் பொருட்படுத்தாத பேரண்டம் என்னும் கருத்துக்கு இவ்வுலகில் இடமில்லை. தெய்வம் மனிதனைப் பொருட்படுத்துகிறது. அவன் அஞ்சுவதும் அதனாலேயே.

ஆகவே, மாற வேண்டியது இழப்பின் விதி. எடுத்துக்காட்டாக, முன்னோர் நேர்ந்துகொண்டு செலுத்தாமல் விட்ட கடன் ஒன்றைச் சுற்றிக் கீரப்பாளையத்துக் கதை ஒன்று அமைக்கப்படுவதாகக் கொள்வோம். இங்கே மூன்று வினாக்கள் எழும்.

இழப்பவர் யார்? 1981 விதியில் தனிமனிதர். நேர்த்திக்கடன் குடும்பத்துக்கும் ஊருக்கும் பொது. ஆதலின் மேசைக்கு நடுவே வைக்கப்பட்ட ஒரே கணக்கு பொருந்தும். ஒருவர் செய்த தவறு மற்றவர் வீட்டுப் பிள்ளையைத் தாக்கும் என்பதே அங்குள்ள அச்சம்.

மீட்பு உண்டா? மூலத்தில் அறிவின் விலை திரும்பாதது. இங்கே கடனைச் செலுத்தினால் தீரும். தீர்வு முழுமையானால் அச்சம் உவகையாக முடிந்து, ஆட்டம் பரிகாரக் கதையாகிவிடும் இடர் உண்டு. செலுத்த வேண்டியது இன்னதென்று யாருக்கும் தெளிவாகத் தெரியாமை ஒன்றே அச்சத்தை நிறுத்திவைக்கும்.

உரிமை யாருக்கு? அருள் வந்த பாத்திரத்தை ஆடுவோரிடமிருந்து பறிக்காமல், ஒரு முறை கதையின் உண்மையை அவரே சொல்லும் உரிமையை விதி அவருக்கு அளிக்கலாம். அவர் சொன்னது மேசையிலுள்ள அனைவரையும் கட்டுப்படுத்தும். தம் வாயால் எதைச் சொல்லிவிடுவோமோ என்னும் அச்சம் இதனால் பிறக்கும். அச்சத்தின் நான்காம் நிலைக்களனாகிய தம் இறையும் இங்கு நுழைகிறது: ஊரில் யார் சொல் தெய்வவாக்காக ஏற்கப்படும், யார் சொல் ஏற்கப்படாது என்பது சாதி, பால், நிலவுடைமை ஆகியவற்றோடு பின்னியது. விதி அனைவருக்கும் சம உரிமை தருமாயின், ஊர் தராத ஒன்றை மேசை தருகிறது. அதனை உணர்ந்தே தர வேண்டும்.

கருவியாகத் தாயக்கட்டை பொருந்தும். உள்ளூர்ப் பொருள் என்பதற்கு மேலும் அதற்கு ஒரு காரணம் உண்டு. தாய ஆட்டத்தில் மறுவீச்சு மகிழ்ச்சி தருவது. தெய்வத்தின் சினத்துக்கு உருட்டும்போது அதே விதி திகிலாகிறது. நின்றுவிட வேண்டும் என்று ஆடுவோர் விரும்பும் வீச்சு எட்டில் மூன்று வாய்ப்பில் தொடரும்; அடுத்தடுத்து இருமுறை தொடரும் வாய்ப்பு 64இல் 9, ஏறத்தாழ 14 விழுக்காடு. நூறு எண் பகடையில் ஆடுவோர் தம் வாய்ப்பை விழுக்காடாக முன்னரே அறிவர். தாயக்கட்டையில் ஒரு வீச்சு எங்கு முடியும் என்பதை அவர் அறியார். கடன் வட்டியோடு வளர்வதை இவ்வடுக்கு வீச்சு எண்ணால் காட்டும்.

இவ்வாறு யாக்கப்பட்ட ஆட்டம் லவ்கிராஃப்டின் மருட்கைவழி அச்சத்தைத் தராது; அணங்குவழி அச்சத்தைத் தரும். முதல்நூலிலிருந்து அது விலகும் அளவு 2002ஆம் ஆண்டு ஆக்கம் விலகியதைவிடப் பெரிது. வேறுபாடு, அவ்விலகல் அறிந்து செய்யப்பட்டது என்பதில் உள்ளது.

8. முடிவுரை

ஆய்வின் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன. ‘கால் ஆஃப் கத்துலு’ 1981இல் மருட்கைவழி அச்சத்தை, அறிவே இழப்பாகும் விதியால் நிலைநாட்டியது. 2002ஆம் ஆண்டின் டி20 ஆக்கம் அவ்விதியைப் பேணியபோதும் படிநிலை உயர்வால் அதனைப் பெருமிதமாக்கியது. 2008ஆம் ஆண்டின் கம்ஷூ ஆக்கம் விதியைப் பிரித்து, மையமுரணைக் காத்து, இழவின் வழியாக அழுகையை அதனோடு சேர்த்தது. பரமபதம் கண்ட மாற்றம், உருவமும் பெயரும் திரும்பினாலும் வீச்சின் விதி திரும்பாதவரை பழைய உணர்வு திரும்பாது என்பதைக் காட்டுகிறது.

தமிழில் பேய்க்கதை, நாட்டார் தெய்வம், சடங்கு ஆகியவற்றை விளையாட்டாக்கும் முயற்சிகளை மதிப்பிடும் ஆய்வாளர், எத்தனை உள்ளூர்த் தெய்வங்கள் இடம்பெற்றன, வழக்குச்சொற்கள் சரியா என்று எண்ணுவதோடு நிறைவடைகின்றனர். அது சுவைக்கப்படும் பொருளின் கணக்கு. யார் எதை இழக்கின்றனர், இழந்தது மீளுமா, அஞ்சும் நேரத்தில் பேசும் உரிமை யாருக்கு என்னும் மூன்று வினாக்களை அவ்விளையாட்டின் விதிகளிடம் கேட்டால், அங்கு வந்திருப்பது கீரப்பாளையத்துத் தெய்வமா, ஊர்ப்பெயர் பூண்ட அயல்நாட்டுப் பேருயிரா என்பது விளங்கும்.